ஆயில் பஸ்ஸர் ஒயரை வெட்டும் மெக்கானிக்கிடம் படகை விடாதீர்கள்

சிங்கப்பூரில் பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்ட் (படகின் பின்னால் மாட்டும் இன்ஜின்) வைத்திருக்கும் நம்மவர்கள், குறிப்பாக ஆயில் தானாகக் கலக்கும் வகை இன்ஜின் வைத்திருப்பவர்கள், தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். கடைப் பெயரை இங்கே போடவில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நானும் என் மச்சானும் சேர்ந்து வாங்கிய படகு. இன்ஜின் 115 குதிரைத்திறன், நான்கு சிலிண்டர் வி4. பெரிய ஆயில் டாங்க் படகுக்குள் இருக்கும், சுமார் 10 லிட்டர் பிடிக்கும். அதிலிருந்து ஒரு சின்ன மின்பம்ப் இன்ஜின்மேல் உள்ள குட்டி டாங்குக்கு ஆயிலை ஏற்றும், அங்கிருந்துதான் இன்ஜினுக்குப் போகும். குட்டி டாங்கில் ஒரு லிட்டர்கூடப் பிடிக்காது. ஆயில் குறைந்தால் பஸ்ஸர் கத்தும், இன்ஜின் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஒருநாள் கத்தியது. பெரிய டாங்கைத் திறந்து பார்த்தால் கழுத்துவரை ஆயில். குழம்பிப்போய்க் கடையில் விட்டோம். இரண்டு நாள் கழித்து கடைக்காரர், "சென்சார் போயிடுச்சு தம்பி, பழைய மாடலில் இது சகஜம், இனி கத்தாது" என்றார். பில்லில் "ஆயில் சிஸ்டம் சர்வீஸ்" என்று எழுதி 450 வெள்ளி வாங்கினார். பஸ்ஸர் கத்தவில்லைதான். நாங்களும் நம்பிவிட்டோம்.

அதற்கப்புறம் இரண்டாவது பயணம். மச்சானின் 12 வயது மகனும் கூட வந்திருந்தான், உபின் தீவுக்குக் கிழக்கே கொடுவா பிடிக்கலாம் என்று போனோம். திரும்பும்போது முழு வேகத்தில் ஒரு கிரீச் சத்தம், இன்ஜின் அப்படியே இறுகி நின்றது. நீரோட்டம் ஜொகூர் பக்கமாக இழுக்க ஆரம்பித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது, எல்லையைத் தாண்டிப் போய்விடக்கூடாதே என்று அவசரமாக நங்கூரம் போட்டோம். பையன் ஒரு வார்த்தை பேசவில்லை, லைஃப் ஜாக்கெட் பட்டையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். முக்கால் மணி நேரம் கழித்து வேறொரு படகு எங்களைச் சாங்கிக்கு இழுத்து வந்தது.

தெரிந்த ஒரு பாக்சிக் (மலாய்ப் பெரியவர்), முப்பது வருஷம் அவுட்போர்ட்டிலேயே ஊறியவர், கவரைக் கழற்றியதும் முதலில் குட்டி டாங்கைத்தான் தட்டிப் பார்த்தார். "மின்யாக் தக் அடா." சொட்டு ஆயில் இல்லை. பெரிய டாங்கோ அப்போதும் நிறைந்தே இருந்தது! பம்பைக் கழற்றினால் அதன் வலை வடிகட்டி முழுக்கப் பழுப்பு நிறச் சேறு. டாங்குக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அடுத்து ஒயர் கட்டை விரித்துக் காட்டினார். பஸ்ஸருக்கும் வேகக் கட்டுப்பாட்டுக்கும் போகிற ஒயரை வெட்டி, கறுப்பு டேப் சுற்றி உள்ளே சொருகியிருந்தார்கள். சென்சாரில் ஒரு கோளாறும் இல்லை, அது உண்மையைத்தான் கத்தியிருக்கிறது. கடைக்காரர் குட்டி டாங்கில் கையால் ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டு ஒயரை வெட்டிக் கொடுத்துவிட்டார், அந்த ஆயில் இரண்டு பயணம் தாங்கியது, அவ்வளவுதான்.

ஆறியபின் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்த்தோம். மூன்று சிலிண்டரில் 115 பிஎஸ்ஐயை ஒட்டி, மேல் சிலிண்டரில் 40கூட இல்லை. டார்ச் அடித்துக் காட்டினார், சிலிண்டர் சுவரில் பிஸ்டனின் அலுமினியம் உருகி ஈயம் பூசியதுபோல் நீளவாக்கில் ஒட்டியிருந்தது. பிஸ்டன் ரிங்குகள் பள்ளத்திலேயே சிக்கி அசையவில்லை. சரிசெய்ய 4,800 வெள்ளி ஆகும் என்றார். கடைக்காரரிடம் கேட்டதற்கு "பழைய இன்ஜின், நான் என்ன செய்ய" என்று போனை வைத்துவிட்டார்.

நான் கவனித்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு பயணத்தில் அறுபது லிட்டருக்கு மேல் பெட்ரோல் போயிருக்கிறது, பெரிய டாங்கில் ஆயில் ஒரு விரல்கூட இறங்கவில்லை. முழு வேகத்தில் ஏறக்குறைய 50 லிட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் போகும், மெதுவாக ஓட்டினால் அதைவிடக் குறைவு. ஆனால் இறங்கியே ஆக வேண்டும். டாங்கில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். ஆயில் சிஸ்டத்தில் யாராவது கை வைத்தால், அடுத்த இரண்டு மூன்று டாங்க் பெட்ரோலில் நீங்களே 50:1 கலந்து ஓட்டுங்கள், 25 லிட்டருக்கு அரை லிட்டர் டிசி-டபிள்யூ3 (டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்ட்டுக்கான தரம்) ஆயில். ஆயில் கோட்டுக்குக் கீழே இறங்குகிறதா என்று பார்த்தபின் கலப்பதை நிறுத்தலாம். சில நாள் கூடுதலாகப் புகைக்கும், இன்ஜின் பிழைக்கும். வருஷத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழுவி, டாங்க் அடியில் தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். நம் வெயிலில் அந்த மெல்லிய ஆயில் குழாய்கள் மஞ்சளாகி விறைத்துவிடும், அப்படி ஆனால் மாற்றிவிடுங்கள். குழாயைக் கழற்றி மாட்டினால் உள்ளே காற்று நிற்கும், அதை வெளியேற்றினார்களா என்று கேளுங்கள்.

ஆயில் கலக்கும் அமைப்பையே பிடுங்கிப் போடு என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை, அது ஒழுங்காகத்தான் எச்சரித்தது.

சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். 20,000 வெள்ளி வரை, இரண்டு வருஷத்துக்குள் நடந்தது என்றால் அங்கே போகலாம். பில், டேப் சுற்றிய ஒயரின் படம், அந்த பிஸ்டன் மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதே மாதிரி "சென்சார் போயிடுச்சு" என்று சொல்லி உங்கள் இன்ஜினிலும் யாராவது கை வைத்திருந்தால், அடுத்த முறை கடலில் இறங்குவதற்கு முன் கவரைத் திறந்து அந்த ஒயரைப் பாருங்கள்.