சுங்கை சிப்புட்டில் கால் வயிற்றுச் சாப்பாடு

எடை குறைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மலேசியாவில் ஊருக்குப் போனால் எதைச் சாப்பிடுவது, மருந்துக்கு எங்கே போவது என்று தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் என்னைக் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது மெல்பர்னில். பிறந்து வளர்ந்தது பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அந்தத் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை, லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) எல்லாம் போய்விட்டது, சொந்தக்காரர்கள் டவுனில் தாமான் (குடியிருப்பு) வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். எனக்குச் செய்தது இரைப்பை பைபாஸ். வயிற்றின் மேல்பகுதியில் ஏறக்குறைய 30 மில்லி மட்டும் கொள்ளும் ஒரு சிறு பையைப் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலில் இணைத்துவிடுவார்கள். நாளாக ஆக கொஞ்சம் இடம் கூடும்தான், ஆனாலும் ஒரு சின்னக் கிண்ணத்தோடு சரி. அந்தக் கிண்ணத்துக்குள் ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதத்தை எப்படியாவது அடக்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரலில் இருந்து ஈப்போவுக்கு இடிஎஸ் என்ற விரைவு ரயில், இரண்டரை மணி நேரம். ரயில் கேண்டீனில் எனக்கு ஆகிற மாதிரி எதுவும் இல்லை, அவித்த முட்டை கொண்டுபோயிருந்தேன். ஈப்போவிலிருந்து மச்சான் காரில் கூட்டிப்போனார்.

காலைப் பசியாறலில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அங்கேதான் மாற்றம் பெரிது. முன்பெல்லாம் ஊருக்குப் போனால் முதல் வேலை ரொட்டி சானாய் (நம்ம பரோட்டா மாதிரி), கூட ஒரு தே தாரிக் (டின்பால் ஊற்றி ஆற்றிய தேத்தண்ணி). இப்போது ரொட்டி சானாய் ஆகாது. மென்மையான மாவுப் பண்டங்கள் வாயில் உருண்டையாகி, அந்தச் சின்ன வழியில் போய் அடைத்துக்கொள்ளும், நெஞ்சுக்கு நடுவில் ஒரு வலி, வாயில் எச்சிலாக ஊறும், அப்புறம் வாந்திதான். ஆச்சரியம் என்னவென்றால் மொறுமொறு தோசை இறங்குகிறது. ரொட்டித் துண்டிலும் இதே கதைதான், டோஸ்ட் செய்தால் பலருக்கு ஒத்துக்கொள்ளும், பச்சையாக ஆகாது. அதனால் முட்டைத் தோசையை நன்றாக முறுக விட்டுத் தரச் சொல்லி, முட்டை இருக்கிற நடுப்பகுதியை முதலில் சாப்பிட்டு, ஓரத்தை மச்சானிடம் தள்ளிவிடுவேன். இட்லி என்றால் சாம்பாரில் ஊறிய பாதி. புட்டு வேண்டவே வேண்டாம், தொண்டையிலேயே நின்றுவிடும்.

எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் முதல் கேள்வி “தண்ணி என்னம்மா?” என்பதுதான். நம்ம ஊர் வழக்கம், சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்க என்ன வேண்டும் என்று ஆர்டர் எடுப்பார்கள். எங்களுக்கோ சாப்பிடும்போது குடிக்கக்கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் விட வேண்டும். ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால் மேசையை விட்டு நகர மாட்டார்கள், பாவம் அவர்களுக்கும் புரியவில்லை. தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேத்தண்ணி) ஒன்று கேட்டுவிட்டு ஓரமாக வைத்துக்கொள்வேன், ஆறியபின் வாய் வாயாகக் குடிக்க ஆகும். ‘கூராங் மானிஸ்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்தக் கடைகளின் கணக்கில் குறைந்த இனிப்பு என்பதே எனக்கு இரண்டு நாள் இனிப்பு. 2019 ஜூலையில் மலேசியா இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டது, ஆனால் அது தொழிற்சாலையில் அடைத்து வரும் பானங்களுக்குத்தான், கடைக்காரர் கரண்டியில் அள்ளி ஊற்றுகிற டின்பாலுக்கு அல்ல.

தே தாரிக் ஆசை போனது என் மனக்கட்டுப்பாட்டால் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். டின்பால் வாசமே இப்போது திகட்டுகிறது. இந்த அறுவைக்குப் பிறகு நிறையப் பேருக்கு இனிப்பும் கொழுப்பும் முன்பு போல் ருசிப்பதில்லை, ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி வாடையே பிடிக்காமல் போவதும் உண்டு. எனக்கு ஆட்டுப் பிரட்டல் போய்விட்டது. அத்தை வைக்கிற பிரட்டலுக்காக ஈப்போவில் இருந்தெல்லாம் ஆள் வருவார்கள், நான் அடுப்படிப் பக்கமே போகவில்லை. அதற்குப் பதிலாகப் புளிப்பு கேட்கிறது நாக்கு. ரசம், மாங்காய், எலுமிச்சை ஊறுகாய்.

மத்தியானம் வாழையிலைக் கடை. மொத்தப் பயணத்திலும் சிரமம் கொடுத்தது இதுதான். சோறு வேண்டாம், மீன் குழம்பு, பருப்பு, ஒரு முட்டை, ரசம் தனியாகக் கப்பில் என்று கேட்டால், பரிமாறுகிற தம்பி இலையில் ஒரு குன்று சோற்றைத் தட்டிவிட்டுத்தான் காதைக் கொடுப்பார். விலையும் இலைக்கு இவ்வளவு என்று பேசியது, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அதேதான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கலப்புச் சோறு விற்கிற ஒட்டுக்கடைகள் எனக்கு ரொம்பத் தோதாக இருந்தன: தட்டை நாமே எடுத்து, வேண்டியதை வேண்டிய அளவு போட்டுக்கொண்டு, கடைக்கார அக்காவிடம் காட்டினால் பார்த்துக் கணக்குச் சொல்வார். கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி), தெம்பே (புளிக்க வைத்த சோயாக் கட்டி), தாவ்ஃபூ (சோயாப் பனீர்), கொஞ்சம் கீரை. மூன்று நான்கு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகவில்லை. மெல்பர்ன் உணவகத்தில் முழுத் தட்டு வாங்கி முக்கால்வாசியைக் கட்டிக்கொண்டு வருகிறேன், ஒட்டுக்கடையில் அந்தச் செலவும் இல்லை, வெட்கமும் இல்லை.

கோழி வேண்டும் என்றால் வறுவல் வேண்டாம், குழம்பில் வெந்த தொடைக்கறி. நெஞ்சுக்கறி காய்ந்துபோய் இறங்காது. ராத்திரி பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) தாவ் ஃபூ ஃபா என்ற மெத்தென்ற சோயாப் பண்டம் கிடைத்தது, சர்க்கரைப் பாகு ஊற்றாமல் கேட்டேன், சீனக் கடைக்காரம்மா இரண்டு தடவை உறுதிப்படுத்திக்கொண்டு கொடுத்தார்.

அத்தை வீட்டில் வேறு பிரச்சினை. “என்னடி இது, கோழிக்குஞ்சு மாதிரி கொறிக்கிற?” என்று முதல் நாளே ஆரம்பித்தார். அவர் தலைமுறை விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்பு) போய் பால்மரம் சீவிய தலைமுறை, வயிறு நிறையச் சோறு இல்லாமல் அந்த வேலை முடியாது. இப்போது பால்வெட்டுக்குப் போகிறவர்கள் யாரும் வீட்டில் இல்லை, தட்டு மட்டும் அதே அளவில் நிற்கிறது. 2023-இல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள் அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். அத்தையிடம் இதைச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் இன்னும் ஒரு கரண்டி விழுந்திருக்கும்.

ஒரு கல்யாணத்துக்கும் போனேன், அங்கே பாயாசம், கேசரி. பைபாஸ் செய்தவர்கள் இப்படிப்பட்டதைச் சாப்பிட்டால் சர்க்கரை நேராகச் சிறுகுடலுக்குள் கொட்டி, அரை மணிக்குள் நெஞ்சு படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, பேதி எல்லாம் வரும், சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை இறங்கி மயக்கமும் வரும். கேட்டரிங் அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் நெத்திலி சம்பல், பருப்பு, இரண்டு அவித்த முட்டை என்று தனித் தட்டு போட்டுக் கொடுத்தார். அந்தப் பயணத்திலேயே ஆக நல்ல சேவை அவருடையதுதான்.

மருத்துவப் பக்கம் கலவையான அனுபவம். முழங்கால் வலி என்று டவுனில் ஒரு தனியார் கிளினிக்குப் போனேன். மலேசியாவில் கிளினிக்கிலேயே மருந்தையும் கொடுத்துவிடுவார்கள். பதிவு செய்யும்போதே பைபாஸ் என்று எழுதிக் கொடுத்திருந்தும் பொட்டலத்தில் பொன்ஸ்தான் (Ponstan) என்ற வலி மாத்திரை இருந்தது. அந்த வகை வலி மாத்திரைகள் எங்களுக்கு ஆகாது, குடலை இணைத்த இடத்தில் புண் வரும். கவுண்டரிலேயே பிரித்துப் பார்த்ததால் தப்பித்தேன், திருப்பிக் கொடுத்ததும் டாக்டர் பேராசிட்டமால் மாற்றிக் கொடுத்தார், மன்னிப்பெல்லாம் இல்லை. ஆனால் பி12 ஊசி அதே இடத்தில் மளமளவென்று போட்டுவிட்டார்கள், அதில் குறை சொல்ல முடியாது.

மருந்துக்கடையில் கால்சியம் கேட்டால் கார்பனேட்தான் எடுத்து நீட்டினார்கள். அது கரைய வயிற்று அமிலம் வேண்டும், எங்கள் சின்னப் பைக்குள் அமிலம் ரொம்பக் குறைவு, அதனால் சிட்ரேட் வகைதான் எடுக்க வேண்டும். அது ஈப்போவில்தான் கிடைத்தது, புரதப் பவுடரும் அப்படியே. மெல்லும் வைட்டமின் என்று கேட்டால் குழந்தைகளுக்கான மிட்டாய் வகையைக் காட்டுவார்கள், லேபிளைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் இரும்புச் சத்து இருக்காது. இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும், தேத்தண்ணியும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊரில் மணிக்கு ஒரு தேத்தண்ணி வருவதால் நான் இரும்பு மாத்திரையைப் படுக்கும்போதுதான் போட்டேன்.

போகிறவர்கள் சிட்ரேட்டும் வைட்டமினும் பயணம் முழுவதற்கும் போதுமான அளவு டப்பாவோடு கையில் எடுத்துப் போங்கள். பவுடர் வேண்டியதில்லை, அந்த இடத்தைப் பெட்டியில் வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம், காலையில் முட்டையும் மத்தியானம் தெம்பேயும் மீனும் இருக்கிற ஊரில் புரதத்துக்கு நான் ஒரு நாளும் திண்டாடவில்லை. தண்ணீர் பாட்டில் மட்டும் எப்போதும் கையில் இருக்கட்டும், அந்த வெயிலில் மடமடவென்று குடித்துத் தாகம் தீர்க்க நம்மால் முடியாது.