செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸும் என் உயிலும்
லண்டன் குரோய்டனில் எங்கள் வீட்டுக்கே வந்துதான், இறுதிக்கால நோயாளரைப் பராமரிக்கும் இந்த ஹாஸ்பிஸ்காரர் என் கணவரைப் பார்த்தார்கள். ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு நோவு கூடியபோது போன் எடுத்தேன். தாதி ஒருவர் வந்து ஊசி போட்டு, அவர் கண்ணயரும்வரை இருந்தார். எனக்கும் தேத்தண்ணீர் போட்டுத் தந்தார். ஒரு பென்னிகூடக் கேட்கவில்லை.

1948இல் இறந்த டேவிட் தஸ்மா என்ற நோயாளி, இந்த ஹாஸ்பிஸை நிறுவிய சிசிலி சாண்டர்ஸுக்கு 500 பவுண்ட் விட்டுப் போனார். ‘உங்கள் வீட்டில் ஒரு ஜன்னலாக இருப்பேன்’ என்றாராம். இல்லம் திறந்தது 1967இல்!

நானும் உயிலில் ஹாஸ்பிஸுக்குப் பத்தில் ஒரு பங்கு எழுதினேன். அந்தளவு கொடுத்தால் மரபுரிமை வரி வீதமும் 40 சதவீதத்திலிருந்து 36 ஆகும். நான் முதலில் போன வழக்கறிஞர் ஹாஸ்பிஸ் அறக்கட்டளையின் பதிவு எண்ணை விட்டுவிட்டார், திருத்த வைத்தேன். மகன் வாசித்துவிட்டு, “சரி அம்மா, அந்தத் தாதிக்காக” என்றான்.