புது கேபிளுக்குக் காசு வாங்கிவிட்டு பழைய போன் ஒயரில் மாட்டிவிட்டுப் போனார்: 18,500 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரிதான் விஷயம் தெரிந்தது. வயிறு இன்னும் எரிகிறது. வேறு யாரும் ஏமாறக் கூடாது என்று உடனே எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு. பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில் நாலு பவர் மெஷின் போட்டு, எம்.சி. ரோடு கடைகளுக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறோம். வீட்டில் ஏற்கெனவே திருட்டு அலாரம் இருக்கிறது. ஷெட்டைப் பூட்டும்போது அங்கேயே ஆன் செய்ய ஒரு கீபேடும் ஒரு சைரனும் வேண்டும், அவ்வளவுதான். வீட்டிலிருந்து ஷெட்டுக்கு எப்போதோ இழுத்த லேண்ட்லைன் ஒயர் சும்மாதான் கிடந்தது, உள்ளே நாலு கம்பி. அதிலேயே கொடுக்க முடியுமா என்று கேட்க, வீட்டுக்கே ஆள் அனுப்பும் ஒரு ஆப்பில் 499 ரூபாய் கட்டி புக் செய்தேன்.

வந்தவர் சொல்லாமலே செருப்பை வாசலில் கழற்றினார். அம்மாவை "அம்மா, அம்மா" என்றுதான் கூப்பிட்டார். "கீபேடுக்கு பிளஸ், மைனஸ், டேட்டாவுக்கு ரெண்டு, நாலு கம்பி போதும்கா. ஆனா இந்த ஒயர் ரொம்ப மெல்லிசு, சைரன் இழுக்காது. புதுசா 45 மீட்டர் கேபிள் போட்டுடலாம்" என்றார். சரியாகத்தான் சொன்னார். அதனால்தான் நம்பினேன். "ஆப்பில் கட்டினா வரி ஏறும், என் நம்பருக்கே அனுப்புங்க" என்றார். 18,500 அனுப்பினேன்.

டெலிவரி கொடுக்க நான் எம்.சி. ரோடு போய்வந்த இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. ஷெட்டில் மீட்டரை வைத்து 12.4 வோல்ட் காட்டினார். சைரனை ஒரே ஒரு நொடி அடித்துவிட்டு, "பக்கத்து வீட்டுல சண்டைக்கு வருவாங்க" என்று நிறுத்திவிட்டார். அம்மா டீ போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

நாலாம் நாளே கீபேட் தானாக அணைந்து அணைந்து எரிந்தது. சைரன் அரை நொடி கத்திவிட்டு அடங்கிவிடும். அவருக்கு போன் செய்தால் முதலில் "ஊரில் இருக்கேன்" என்றார், அப்புறம் எடுக்கவே இல்லை. ஆப்பில் புகார் போட்டேன். மறுநாள் "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று அவர்களே மூடிவிட்டார்கள். மறுபடி போட்டால், "எங்களுக்கு வந்தது 499 மட்டுமே, மீதி உங்கள் இருவருக்குள்" என்று பதில். அவரை வீட்டுக்குள் அனுப்பியது யார்? 18,500 ரூபாய்க்கு நான் எத்தனை நைட்டி தைக்க வேண்டும் தெரியுமா?

நேற்று எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் மாமா பையன் வந்தான். சைரனை ஓடவிட்டு மீட்டரை வைத்தான்: 12.4 அப்படியே 8.2-க்கு இறங்கியது. ஏணி போட்டு கூரை ஓரம் பார்த்தோம். வீட்டுப் பக்கம் இரண்டு மீட்டர், ஷெட் பக்கம் இரண்டு மீட்டர், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் சாம்பல் நிறப் புது கேபிள். நடுவில் முழுக்க அதே பழைய போன் ஒயர்! முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார். பிரித்தால் பழைய செம்புக் கம்பி உப்புக் காற்றில் பச்சை பூத்துக் கிடக்கிறது. கீபேடைக் கழற்றினால் பின்மூடி மஞ்சளடித்துப் போய், மார்க்கரில் "2வது மாடி" என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். வேறு யார் வீட்டிலோ கழற்றிய சாமான். அதைத்தான் புதுசு என்று தந்திருக்கிறார்.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். ஆப்புக்கு வெளியே ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கேபிள் இழுக்கும்போது கூடவே நில்லுங்கள். கீபேடை மாட்டும் முன் பின்மூடியைப் பாருங்கள். சைரனை இரண்டு நிமிடம் முழுசாக ஓடவிட்டு, ஷெட் பக்கம் வோல்ட் பாருங்கள். சும்மா இருக்கும்போது காட்டும் 12-ஐ நம்பாதீர்கள்.

அந்த ஜாயின்ட்டை நறுக்கி ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு நாளை காலை பேசப் போகிறேன். அந்த 18,500 திரும்பி வரும்வரை விடமாட்டேன். இன்று ராத்திரி தம்பி ஷெட்டிலேயே படுத்திருக்கிறான்.