மரினா சவுத் பியர் லாஞ்ச் சேவை: கப்பல் சர்வீஸ் இன்ஜினியர் கண்ணில்

கப்பல் இன்ஜின் சர்வீஸ் வேலைக்கு சிங்கப்பூர் வரப்போகிறேன் என்று ஊரிலிருந்து கூப்பிடும் தம்பிகள் எல்லாரும் சம்பளம் என்ன, ஓவர்டைம் உண்டா, தங்க இடம் தருவார்களா என்று கேட்கிறார்கள். கப்பலுக்கு எதில் ஏறிப் போவோம், எதில் திரும்பி வருவோம் என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. கடலில் நிற்கும் கப்பலுக்கு ஆட்களை ஏற்றிப் போய், திரும்பக் கொண்டுவரும் சின்னப் படகுதான் லாஞ்ச். இந்த வேலையில் பாதி நிம்மதி அதில்தான் இருக்கிறது, அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன். கம்பெனிப் பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை, ஒரே கம்பெனியிலேயே படகை ஓட்டுகிற ஸ்கிப்பருக்கு ஸ்கிப்பர் வித்தியாசம் இருக்கிறது.

முதலில் பியர், அதாவது படகுத்துறை. 2006-இல் பழைய கிளிஃபர்ட் பியரை மூடியபோது படகுகள் இங்கே, மரினா சவுத் பியருக்கு வந்தன. 2014 நவம்பரில் எம்ஆர்டி ரயில் நிலையமும் வந்துவிட்டதால் வெறும் பையோடு போகிற நாளில் டாக்சியே தேவையில்லை. கருவிப் பெட்டி, ஸ்பேர் பார்ட்ஸ் என்று இருந்தால் கம்பெனி லாரிதான். இடம் சுத்தம், கழிப்பறை சுத்தம், உட்கார இருக்கை உண்டு. ஞாயிற்றுக்கிழமை குசுத் தீவுக்கும் செயின்ட் ஜான்ஸ் தீவுக்கும் போகிற குடும்பங்கள் பாயும் சாப்பாட்டுக் கூடையுமாக நிற்க, பக்கத்தில் நாம் கவர்ஆல், சேஃப்டி ஷூவோடு நிற்போம். சாப்பாட்டை மட்டும் வழியிலேயே முடித்துவிட்டு வாருங்கள். கப்பலில் எப்போது சாப்பிடக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

இனி லாஞ்ச். நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல் பெரும்பாலும் எண்ணெய் நிரப்பத்தான் வந்திருக்கும், எண்ணெய் ஏறி முடிந்ததும் கிளம்பிவிடும். அந்த இடைவெளிக்குள், இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போசார்ஜரைத் திறந்து, பேரிங்கை மாற்றி, மூடி, ஓட்டிக் காட்ட வேண்டும். மெயின் இன்ஜினைச் செயலிழக்க வைப்பதற்குத் துறைமுக அனுமதியும் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் தருவார்கள். லாஞ்ச் ஒரு மணி நேரம் தாமதமானால் அந்த ஒரு மணி நேரம் நம் வேலையிலிருந்துதான் போகும், கப்பலின் சீஃப் இன்ஜினியர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியவரும் நாம்தான். நான் போய்வந்தவரை காலை லாஞ்ச் பெரும்பாலும் நேரத்துக்குக் கிளம்பிவிடும், அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் லாஞ்சின் தரம் தெரிவது கப்பல் பக்கத்தில் போய் நிற்கும்போது. எண்ணெயும் சரக்கும் இல்லாத பல்க் கேரியர் (மொத்தச் சரக்குக் கப்பல்) என்றால் அதன் பக்கச் சுவர் அண்ணாந்து பார்க்கிற உயரம். தண்ணீரிலிருந்து ஏற வேண்டிய உயரம் 9 மீட்டரைத் தாண்டினால் கயிற்று ஏணி மட்டும் போதாது, கப்பலின் சாய்வு ஏணியையும் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும் என்பது கப்பலுக்கு வழிகாட்ட ஏறுகிற துறைமுகப் பைலட்டுகளுக்கான விதி, நாங்களும் அதையே பார்க்கிறோம். நல்ல ஸ்கிப்பர் நமக்கு முன்னால் ஏணியைப் பார்ப்பார். ஒருமுறை காற்று அடிக்கிற பக்கத்தில் ஏணியை இறக்கியிருந்தார்கள். எங்கள் ஸ்கிப்பர், திருவாரூர்ப் பக்கத்து அண்ணன், விஎச்எஃப் ரேடியோவில் கப்பலைக் கூப்பிட்டு ஏணியை மறுபக்கம் மாற்றச் சொன்னார். அவர்கள் முணுமுணுத்தார்கள், இவர் அசையவில்லை. மாற்றும் வரை லாஞ்சைத் தள்ளியே வைத்திருந்தார்.

மாற்றிய பிறகு லாஞ்சின் முன்பக்கத்தைக் கப்பலோடு அணைத்து, இன்ஜினை மெல்லத் தள்ளவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டார். படகு ஏறி இறங்குகிறதே தவிர விலகவில்லை. நான் காலை எடுத்தபோது, “இப்ப வேணாம் தம்பி, அடுத்த ஏத்தத்துல” என்று உள்ளிருந்தே கத்தினார். அலை படகைத் தூக்கி அது உச்சியில் ஒரு கணம் நிற்கும், அப்போதுதான் ஏணிக்கு மாற வேண்டும். இறங்குகிற அலையில் மாறினால் படகு மறுபடி மேலே வரும்போது காலில் இடிக்கும். பிடிக்க வேண்டியது பக்கக் கயிற்றை, படிக்கட்டையை அல்ல. இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், கருவிப் பையைக் கப்பல்காரர்கள் கயிறு போட்டுத் தூக்கிக்கொள்வார்கள். ஏணியின் அடி நுனி லாஞ்ச் டெக்கில் மடிந்து கிடந்தாலும் ஆபத்து, படகு ஏறும்போது அதில் சிக்கி ஏணியையே இழுக்கும். இதையெல்லாம் டெக்கில் நிற்கிற பையன் கவனிக்கிறானா என்று பாருங்கள். கவனிக்கிற படகு நல்ல படகு, அவ்வளவுதான் என் அளவுகோல். கட்டணத்தில் கொஞ்சம் குறைகிறது என்று இதை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று ஆபீசில் நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

குறை எங்கே என்றால், திரும்பி வருவதில். போகும்போது எல்லாரும் அவசரப்படுவார்கள், கப்பலுக்காகக் கரையில் ஏற்பாடுகளைப் பார்க்கும் ஏஜெண்ட் மூன்று தடவை கூப்பிடுவார். வேலை முடிந்து கையெழுத்து வாங்கிவிட்டால் நம்மை யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒரு இரவு, இன்ஜின் ரூம் சூட்டில் நனைந்த கவர்ஆல் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்க, நானும் என்னோடு வந்த டெக்னீஷியனும் கப்பலில் ஏறி இறங்கும் கேங்வே பக்கம் கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்து விடிகிற வரை காத்திருந்தோம். வேறு கப்பலுக்குப் போன படகு வழியில் எங்களை ஏற்றிக்கொள்ளும் என்றார்கள், அது ஏற்றிக்கொள்ளாமலே கரைக்குப் போய்விட்டது. போன் செய்தால் “ஆன் த வே” என்பதுதான் பதில். வராது என்றால் வராது என்று சொல்லியிருக்கலாம், மெஸ் ரூமில் கொஞ்சம் படுத்திருப்போம். அந்த டெக்னீஷியன் மறுநாள் காலை இன்னொரு கப்பலுக்குப் போக வேண்டியவன்.

சுமாத்ரா காற்று வருகிற மாதங்களில், ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, விடியற்காலையில் திடீரென்று வானம் கறுத்து மழையும் காற்றும் சேர்ந்து அடிக்கும். அப்போது லாஞ்ச் வரவில்லை என்று கோபப்பட மாட்டேன். வரக் கூடாது.

லாஞ்ச் கேபின் பற்றி ஒரு வரி: ஏசி இருக்கும், இருக்கை பரவாயில்லை, சத்தம்தான் தாங்காது. பகல் முழுக்க ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றவனுக்குத் திரும்பும் வழியிலும் டீசல் இன்ஜின் சத்தம், பின்பக்கம் உட்கார்ந்தால் புகை வாசனை. 2030 முதல் புதிதாக வருகிற துறைமுகப் படகுகள் மின்சாரத்திலோ, பி100 என்கிற முழு உயிரி எரிபொருளிலோ, அதுபோன்ற மாசற்ற எரிபொருளிலோ ஓடக்கூடியதாக இருக்க வேண்டும் என்று அறிவித்திருக்கிறார்கள். மின்சாரமாகவே வரட்டும் என்பது என் ஆசை.

மதிப்பெண் என்றால் போவதற்கு ஐந்துக்கு நான்கரை, வருவதற்கு இரண்டு. இப்போது நான் செய்வது இது: வேலை முடிந்த பிறகு லாஞ்ச் கேட்பதில்லை. இன்ஜினை ஸ்டார்ட் செய்து சோதனை ஓட்டம் ஆரம்பிக்கும்போதே ஏஜெண்டுக்குச் செய்தி அனுப்பி, படகின் பெயரையும் ஸ்கிப்பர் நம்பரையும் வாங்கிவிடுகிறேன். ஏஜெண்ட் எடுக்காவிட்டாலும் ஸ்கிப்பர் எடுப்பார்.