பியர் இன்ஸ்ட்ரக்‌ஷனா, ஜிக்சாவா: 60 பேர் வகுப்புக்கு எது?

கல்லூரி வகுப்பில் மாணவர்களை ஒருவரோடு ஒருவர் பேசவைக்க நினைப்பவர்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தயங்குகிறார்கள். முதலாவது (பியர்), விடைத் தெரிவுகள் உள்ள ஒரு கேள்விக்கு மாணவர்கள் வாக்களித்து, பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்து, மீண்டும் வாக்களிக்கும் முறை. ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-இல் தொடங்கியது. மற்றது (ஜிக்சா), குழுவில் ஆளுக்குப் பாடத்தின் ஒரு பகுதி; ஒரே பகுதி கிடைத்தவர்கள் கூடிப் படித்துவிட்டு, தங்கள் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் முறை. 1971-இல் டெக்சஸின் ஆஸ்டின் பள்ளிகளில் உளவியலாளர் எலியட் ஆரன்சன் வடிவமைத்தது. பின்னர் கல்லூரிக்கும் வந்தது.

நேரம்
பியர்: ஒரு கேள்விக்கு 5 முதல் 8 நிமிடம்.
ஜிக்சா: முழு வகுப்பு. 50 நிமிடம் இழுபறிதான்.

தயாரிப்பு
பியர்: மாணவர்கள் உண்மையாகவே செய்யும் பிழைகளையே தவறான விடைகளாக வைக்க வேண்டும். உழைப்பு முழுவதும் இங்கேதான்.
ஜிக்சா: பாடத்தைச் சம கனமுள்ள 4 பகுதிகளாகப் பிரிக்க வேண்டும்.

எங்கே கெடும்?
பியர்: முதலில் தனியாக, பேசாமல் வாக்களிப்பு. சரியான விடை 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டும் 2, 3 நிமிடம் விவாதம், பிறகு மறுவாக்கு. 30-க்குக் கீழே என்றால் ஆசிரியரே மீண்டும் விளக்குவது நல்லது. முதல் வாக்கின் முடிவை விவாதத்துக்கு முன்பே காட்டிவிட்டால் எல்லோரும் பெரும்பான்மைப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். கை தூக்கச் சொன்னாலும் அதே கதைதான். விடைக்கு ஒரு நிறம் என வண்ண அட்டைகளைக் கொடுத்து, நெஞ்சோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள்.
ஜிக்சா: ஒருவர் வராவிட்டால் குழுவில் ஒரு பகுதியே காணாமல் போகும். 60 பேரில் ஒரு பகுதிக்கு 15 பேர் வருவார்கள். அவர்களை ஐவர் ஐவராக உடைக்காவிட்டால் பாதிப் பேர் வாய் திறக்கமாட்டார்கள்.

இயற்பியல், புள்ளியியல் போன்ற கருத்துச் சிக்கலுள்ள பாடங்களுக்கும், நகராத பெஞ்சுகள் உள்ள அரங்குக்கும் பியர்தான். தனித்தனியே படிக்கக்கூடிய தீர்ப்புகள், வரலாற்று ஆவணங்கள் என்றால் ஜிக்சா. ஒரு பகுதி புரியாமல் அடுத்தது புரியாது என்ற பாடத்தில் ஜிக்சாவைத் தொடவே வேண்டாம்.