பனியும் வைக்கோலும்: 'சர்ட்டன் விமன்' ப்ளூ-ரே வட்டு

அமெரிக்க இயக்குநர் கெல்லி ரைக்கார்டின் படங்களில் ஒன்றுமே நடப்பதில்லை என்று குறைப்படுபவர்களில் பெரும்பாலோர் அவற்றைக் கைபேசித் திரையில் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. 2016ஆம் ஆண்டில் வந்த அவருடைய 'சர்ட்டன் விமன்' படத்தை, கிரைட்டீரியன் நிறுவனம் மறு ஆண்டு வெளியிட்ட ப்ளூ-ரே வட்டில் பார்த்தபின் அந்த ஐயம் வலுத்துவிட்டது.

மைலி மெலாயின் சிறுகதைகளைத் தழுவிய இப்படம், மொன்டானா மாநிலத்தில் வாழும் பெண்களை மூன்று பகுதிகளில் காட்டுகிறது. லாரா டெர்ன் வழக்கறிஞராக வரும் முதல் பகுதியும், மிஷெல் வில்லியம்ஸ் புது வீட்டுக்காக ஒரு முதியவரிடம் மணற்கல் கேட்கும் இரண்டாம் பகுதியும் நேர்த்தியானவையே. ஆனாலும் படத்தின் உயிர் மூன்றாவதில்தான் இருக்கிறது. குளிர்காலப் பண்ணையில் தனியாகக் குதிரைகளைப் பராமரிக்கும் பெண்ணாக லிலி கிளாட்ஸ்டோன் நடித்திருக்கிறார். லாயத்தைத் திறப்பது, பனியில் வைக்கோல் போடுவது என ஒரே வேலைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நான்கு மணி நேரம் வண்டியோட்டி வந்து இரவு வகுப்பு எடுக்கும் இளம் வழக்கறிஞர் மீது (கிறிஸ்டன் ஸ்டூவர்ட்) அவள் கொள்ளும் ஈர்ப்பு வசனத்தில் அநேகமாகச் சொல்லப்படுவதே இல்லை. வகுப்பு இல்லாத நாள்களின் அதே வேலைகள் சற்று நீளமாகத் தோன்றுவதில்தான் அது நமக்குப் புரிகிறது. தம் படங்களைத் தாமே தொகுக்கும் ஓர் இயக்குநரால் மட்டுமே இந்த அளவுக்குத் துணிந்து காத்திருக்க முடியும் என்று தோன்றுகிறது.

வட்டின் மதிப்பும் இங்கேதான் தெரிகிறது. ஒளிப்பதிவாளர் கிறிஸ்டஃபர் பிளாவெல்ட் இப்படத்தை 16 மி.மீ. படச்சுருளில் எடுத்தார். இணைய ஒளிபரப்பில் தரவு சுருக்கப்படும்போது, படச்சுருளுக்கே உரிய, பனிவெளிக் காட்சிகளில் நகர்வதாகத் தெரியும் மணித்துகள்கள் கலங்கிப்போய் மாவைப் பூசியது போலாகிவிடும். வட்டில் அவை தனித்தனியே நிற்பதால், வெளிறிய வானத்துக்கும் வெளிறிய நிலத்துக்கும் இடையிலுள்ள நிறவேறுபாடு கண்ணுக்குப் பிடிபடுகிறது. பின்னணி இசை மிகக் குறைவு என்பதால், ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்துப் பார்ப்பது நல்லது.

படத்துடன் வட்டில் தரப்படும் கூடுதல் இணைப்புகள் கொஞ்சம்தான். ரைக்கார்ட், மெலாய், நிர்வாகத் தயாரிப்பாளர் டாட் ஹெய்ன்ஸ் ஆகியோரின் நேர்காணல்களும் ஒரு கட்டுரையும் உண்டு. படத்தோடு ஓடும் விளக்கவுரை இல்லாதது குறையே. மெலாயின் கதையில் அந்தப் பண்ணையாள் ஓர் இளைஞன். அவனைப் பெண்ணாக்கியது படத்தின் ஆகப் பெரிய முடிவு என்பதால், நேர்காணல்களில் எழுத்தாளருடையதை முதலில் பார்க்கலாம்.

வாங்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது ப்ளூ-ரே வட்டுகளுக்கென உலகைப் பிரித்த மண்டலங்களில் ஏ மண்டலத்துக்கான வட்டு; அந்த மண்டலத்துக்கான கருவிகளில்தான் ஓடும். சிங்கப்பூர், மலேசியா வாசகர்களுக்குச் சிக்கல் இல்லை. இந்தியாவும் இலங்கையும் சி மண்டலத்தில் இருப்பதால், இங்குள்ளவர்களுக்கு எல்லா மண்டல வட்டுகளையும் ஏற்கும் கருவி தேவைப்படும்.