கவுன்சிலர் வேட்பாளர்: வீடு வீடாகப் போவதா, நோட்டீஸ் கொடுப்பதா?

வார்டு தேர்தலில் சில சமயம் பத்து இருபது வாக்குகளே முடிவை மாற்றிவிடும். அதனால் நேரில் போவதற்குத்தான் முதலிடம்.

ஒரு மணி நேரத்தில் 15, 20 வீடுகள்தான் பார்க்க முடியும். பல வீடுகள் பூட்டியிருக்கும். வேலை நாட்களில் மாலையில் போங்கள். தெருவாரியாகப் பிரித்த வாக்காளர் பட்டியல் கையில் இருக்கட்டும். "இந்தத் தெருவில் முதலில் எதைச் சரிசெய்யணும்?" என்று கேட்டுவிட்டு, அவர்களைப் பேச விடுங்கள். பேசிவிட்டு வெளியே வந்ததுமே ஆதரவு, தயக்கம், எதிர்ப்பு என்று பட்டியலில் குறியுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: நாலு தெரு தாண்டினால் யார் என்ன சொன்னார்கள் என்பதே மறந்துபோகும். வாக்குப்பதிவு நாளில் யாருக்கு நினைவூட்டுவது என்று அந்தக் குறிப்பை வைத்துத்தான் தெரியும்.

நோட்டீஸ் வேகமானது, ஆனால் எதிர்க்கேள்விக்குப் பதில் சொல்லாது. பெயர், படம், வாக்குப்பதிவு தேதி, மூன்று வாக்குறுதிகள் போதும். உள்ளாட்சி மன்றத்தின் அதிகாரத்தில் இல்லாத எதையும் அதில் எழுதாதீர்கள். முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் விவரம் பல நாடுகளில் கட்டாயம்.

ஆள் குறைவென்றால் தயங்குகிறவர்கள் அதிகமுள்ள தெருக்களுக்கு வேட்பாளரே நடக்கட்டும். பூட்டிய வீட்டில் கையால் இரண்டு வரி எழுதிய நோட்டீஸைச் செருகிவிட்டு, வேறொரு நேரத்தில் மறுபடி போய்ப் பார்க்கலாம்.